டியூப்லெஸ் சைக்கிள் டயருக்கு வால்வ்: தேர்ந்தெடுப்பதிலிருந்து பொருத்துவது வரை

நெருஞ்சி முள்ளுக்குத் தென்னாப்பிரிக்காவில் டபல்கி என்று பெயர். டர்பன் கடற்கரைச் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தவரை எனக்கு அது தெரியாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி உள்ளே மண் பாதைகளில் ஓட்ட ஆரம்பித்த முதல் மாதத்தில் நான்கு பஞ்சர். டயரின் உள்பக்கம் விரலால் தடவி, குத்திய இடத்தைப் பிதுக்கி எடுத்துப் பார்த்தால், சின்ன வயதில் ஊர்க் களத்துமேட்டில் வெறுங்காலில் ஏறிய அதே முள். கடல் தாண்டி வந்தும் விடவில்லை.

எங்களோடு சனிக்கிழமைகளில் ஓட்டும், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி மாமா ஒருவர் இருக்கிறார். எழுபதை நெருங்குகிறவர். அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர். ரோட்டோரம் நான் பசை தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "டியூப எடுத்துப் போடு தம்பி, டியூப்லெஸ்ஸுக்கு மாறு" என்றார். மாறினேன். முள் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் ராத்திரி அடித்த காற்று காலையில் இல்லை. டயரை மாற்றினேன், சீலன்ட்டை (டயருக்குள் ஊற்றும், ஓட்டை விழுந்தால் தானே அடைக்கும் திரவம்) மாற்றினேன், காற்று நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் ஒழுகியது டயரே இல்லை. வால்வின் அடியில் இருக்கும் கட்டைவிரல் நகம் அளவு ரப்பர்.

டியூப் இருக்கும்போது வால்வ் டியூபோடு சேர்ந்தே வரும். அதைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை. டியூப்லெஸ்ஸில் ரிம்மும் டயரும் சேர்ந்ததுதான் காற்றுப் பை. அந்தப் பையில் நாமாகப் போட்ட ஒரே ஓட்டை வால்வுக்கானது. அதை அடைப்பது ரிம்மின் உள்பக்கம் ஒட்டும் டேப்பும், வால்வின் அடி ரப்பரும், ஒரு சின்ன நட்டும் சேர்ந்துதான். மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் எவ்வளவு விலை உயர்ந்த டயர் போட்டாலும் காற்று நிற்காது.

எந்த வால்வ்

நம்மூர் வாடகை சைக்கிளில் இருந்தது டன்லப் வால்வ். வால்டியூப் போட்டு, அது இற்றுப்போனால் எச்சில் தொட்டு மாற்றுவோமே, அது. டியூப்லெஸ் சைக்கிளில் அதற்கு இடமில்லை. மீதி இரண்டு: ஒல்லியான பிரெஸ்டா, கார் டயரில் இருக்கும் தடித்த ஷ்ரேடர். பிரெஸ்டாவுக்கு ரிம்மில் 6.5 மி.மீ. ஓட்டை, ஷ்ரேடருக்கு 8.5 மி.மீ. இன்றைய டியூப்லெஸ் ரிம் பெரும்பாலும் பிரெஸ்டாவுக்கே துளைத்து வருகிறது. சந்தேகமிருந்தால் 7 மி.மீ. துளைமுனை ஒன்றின் பின்புறத்தை ஓட்டையில் விட்டுப் பாருங்கள். நுழையாவிட்டால் பிரெஸ்டா ரிம். தாராளமாக நுழைந்தால் ஷ்ரேடர். பெட்ரோல் பங்க்கில் காற்று அடிக்க வசதியாக இருக்கும் என்று சிலர் பிரெஸ்டா ஓட்டையைப் பெரிதாக்கிவிடுகிறார்கள். கார்பன் ரிம்மில் அதைச் செய்யவே கூடாது. அலுமினிய ரிம்மிலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. நூறு கிராம்கூடத் தேறாத ஒரு சின்ன அடாப்டரைப் பையில் போட்டுக்கொண்டால் தீர்ந்துபோகும் விஷயம் அது.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, வால்வின் உள்ளே இருக்கும் ஊசிப்பகுதி (கடையில் 'கோர்' என்று கேட்க வேண்டும்) கழற்றக்கூடியதா என்பது. தலைப்பக்கத்தில் இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவியிருந்தால் கழலும். கழலாத கோர் இருந்தால் சீலன்ட்டை வால்வ் வழியாக ஊற்ற முடியாது. அடைத்துக்கொண்டால் முழு வால்வையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அடுத்தது அடி ரப்பரின் வடிவம். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான், நானும் சறுக்கினேன். கூம்பு வடிவ ரப்பர், நீள்சதுர ரப்பர், தட்டையான வட்ட ரப்பர் என மூன்று வகை பரவலாகக் கிடைக்கும். ரிம்மின் நடுவில் ஓடும் பள்ளத்தைப் பாருங்கள். பள்ளம் குறுகலாகவும் ஆழமாகவும் இருந்தால் நீள்சதுரம் அதில் பொருந்தி உட்காரும். அகலமான வட்ட ரப்பர் இரண்டு கரையிலும் தொங்கிக்கொண்டு நடுவில் தொடாமல் நிற்கும். பள்ளம் அகலமாகவும் தட்டையாகவும் இருந்தால் வட்டமோ கூம்போ போதும். கூம்பு ஓட்டைக்குள்ளேயே கொஞ்சம் இறங்கி அடைப்பதால் ஏறக்குறைய எல்லா ரிம்முக்கும் ஒத்துவரும். எதை வாங்குவது என்று தெரியாதவர் கூம்பை வாங்கலாம். ரிம் தயாரித்த கம்பெனியே தன் ரிம்முக்கென்று வால்வ் விற்றால் அதையே வாங்கிவிடுங்கள். நாலு காசு கூடுதலானாலும் பரவாயில்லை. என் ரிம்மின் பள்ளம் குறுகல்; நான் போட்டிருந்ததோ தட்டை வட்டம். மூன்று வார ராத்திரிக் குழப்பத்துக்குக் காரணம் அவ்வளவுதான்.

மூன்றாவது நீளம். ரிம்மின் ஆழத்தோடு 15 முதல் 20 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள், பம்ப்பின் தலை பிடிக்க அவ்வளவு வெளியே நீட்டியிருந்தால் போதும். மவுண்டன் பைக்கின் ஆழமில்லாத அலுமினிய ரிம்முக்கு 40 மி.மீ. அளவு வால்வ் சரியாக இருக்கும். 50 மி.மீ. ஆழமுள்ள ரோடு ரிம்முக்கு 70 மி.மீ. வேண்டும். அளவுக்கு மீறி நீளமானதை வாங்கினால் கல் பாதையில் கல்லடி பட்டு வளையும். குட்டையாக வாங்கிவிட்டு நீட்டிக்குழாய் மாட்டலாம் என்று நினைத்தால், ஒவ்வொரு இணைப்பும் இன்னொரு கசிவுக்கான இடம். ஒரு குச்சியை ஓட்டையில் விட்டு, உள் பள்ளத்திலிருந்து வெளி விளிம்பு வரை அளந்துகொண்டு கடைக்குப் போனால் பிரச்சினையில்லை.

உலோகம் பித்தளையா அலுமினியமா என்பது டர்பன்காரர்களுக்குக் கொஞ்சம் முக்கியம். அலுமினியம் எடை குறைவு, பல நிறத்தில் கிடைக்கும், ஆனால் உப்புக் காற்றில் மரை வெளுத்துப் பூத்து நட் இறுகிக்கொள்ளும். பித்தளை அழகில்லை, நாலைந்து கிராம் கூட, மரை தேயாது, சட்டென்று ஒடியாது. ஆனால் சீலன்ட்டில் அம்மோனியா இருந்தால் பித்தளைக்கும் அது ஒத்துக்கொள்ளாது, நாளடைவில் அரிக்கும். டப்பாவில் அம்மோனியா இல்லை என்று எழுதியிருக்கும் சீலன்ட்டோடு பித்தளை வால்வ், இதுதான் என் தேர்வு. கடலை விட்டுத் தள்ளி இருப்பவர்களுக்கு அலுமினியம் ஒன்றும் கெடுதல் இல்லை.

டயருக்குள் நுரை வளையம் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: வால்வின் அடியில் பக்கவாட்டில் ஓட்டை இருக்க வேண்டும். நேர்க் குழாயாக மட்டும் இருந்தால் நுரை வாயை மூடிவிடும். காற்றும் போகாது, சீலன்ட்டும் போகாது. அதோடு, 2024-இல் ஷ்வால்பே என்ற டயர் கம்பெனி கொண்டுவந்த கிளிக் வால்வ் மாதிரி, அதிகக் காற்று போகிற புது வகைகளும் இப்போது இருக்கின்றன. கிளிக் வால்வில் பழைய பிரெஸ்டா தண்டையே வைத்துக்கொண்டு கோரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அடிக்கடி அடைத்துக்கொள்கிறது என்று சலிப்பவர்களுக்கு நல்ல வழி. எனக்கு இன்னும் அந்த அவசரம் வரவில்லை.

பொருத்துவதற்கு முன்

கையில் இருக்க வேண்டியவை: டியூப்லெஸ் டேப், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பழைய பருத்தித் துணி, கோர் கழற்றி, சீலன்ட், மருந்துக்கடை சிரிஞ்ச் ஒன்று, அளவுமானியுள்ள நின்றடிக்கும் பம்ப், சோப்புத் தண்ணீர். காற்றுத்தொட்டியோ கம்ப்ரெஸரோ இருந்தால் அதிர்ஷ்டம். வால்வ் பொருத்தும் வேலைக்கு இடுக்கி வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ரிம்மிலிருந்து பழைய டேப்பை உரித்து, ஒட்டியிருக்கும் பசையை ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். துணியில் கறுப்பு வராத வரை துடைக்க வேண்டும். கை எண்ணெய்கூட டேப்பைத் தூக்கிவிடும். வால்வ் ஓட்டையின் விளிம்பில் கூர்மையான பிசிறு இருக்கிறதா என்று சுண்டுவிரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு. அந்தப் பிசிறுதான் ஆறு மாதம் கழித்து அடி ரப்பரை அறுக்கும்.

டேப் ரிம்மின் உள் அகலத்தைவிட 2 முதல் 4 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும், இரண்டு சுவர்களிலும் சற்றே ஏற வேண்டும். வால்வ் ஓட்டைக்கு ஒரு கை அகலம் முன்னால் ஆரம்பித்து, இழுத்துப் பிடித்தபடி முழுச் சுற்று சுற்றி, ஓட்டையைத் தாண்டி ஒரு கை அகலம் போய் முடியுங்கள். அதனால் ஓட்டையின் மேல் இரண்டு அடுக்கு விழும். பிறகு நடுவிலிருந்து ஓரம் நோக்கித் துணியால் தேய்த்து, உள்ளே சிக்கிய காற்றுக் குமிழ்களை வெளியேற்றுங்கள். பள்ளத்துக்குள் டேப் ஒட்டாமல் பாலம் மாதிரி நின்றால் அந்த இடம் பின்னால் கிழியும். வால்வ் ஓட்டையைச் சுற்றி மட்டும் கட்டைவிரலால் ஒரு நிமிடம் சூடேற அழுத்துவது என் பழக்கம்.

ஓட்டை போடுவது

டேப்பைப் பிளேடால் பெருக்கல்குறி மாதிரி கீறுகிறவர்கள் உண்டு. கீறலின் முனை நாளடைவில் நீண்டு, ரப்பரின் விளிம்பைத் தாண்டிப் போய்விடும். அப்புறம் காற்று அந்தக் கீறல் வழியாக ரிம்மின் உட்குழிக்குள் புகும். பழைய ஸ்போக் ஒன்றின் முனையை மெழுகுவர்த்தியில் சூடாக்கி, உள்பக்கத்திலிருந்து ஓட்டையின் நேர் நடுவில் தொட்டால் டேப் உருகி வட்டமாக வழிவிடும். உருகிய விளிம்பு கிழியாது. கார்பன் ரிம்மாக இருந்தால் சூடான முனை ரிம்மின் சுவரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வால்வின் தடிமனைவிட ஓட்டை சின்னதாகவே இருக்கட்டும். வால்வை நுழைக்கும்போது டேப் விரிந்து தண்டைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும். அந்தக் கவ்வல்தான் நமக்கு வேண்டியது.

வால்வை உட்கார வைப்பது

வால்வ் நட்டைக் கழற்றி வையுங்கள். அடி ரப்பரில் ஒரு சொட்டு சீலன்ட் தடவி, உள்பக்கத்திலிருந்து தண்டை நுழைத்து, கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். நீள்சதுர ரப்பர் என்றால் அதன் நீளவாட்டம் ரிம்மின் சுற்றுவாட்டில் இருக்க வேண்டும். சற்றே திரும்பியிருந்தாலும் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும். வெளிப்பக்கத்தில் முதலில் ரப்பர் வளையம், அதன் மேல் நட். வளைந்த கார்பன் ரிம்மில் வால்வோடு கொடுத்த வளைந்த வாஷரையும் போடுங்கள். இல்லாவிட்டால் நட் ஒரு பக்கமாக மட்டும் அழுத்தும்.

இப்போது ஒரு கையால் உள்ளிருந்து ரப்பரை அழுத்திக்கொண்டே, மறு கையால் நட்டைத் திருகுங்கள். இறுகியதும் விட்டுவிட்டு, திரும்பவும் உள்ளிருந்து ஒரு அழுத்து. நட் இன்னும் கால் சுற்றுப் போகும். அங்கே நிறுத்துங்கள். விரல் நுனியால் போகிற இறுக்கம்தான் கணக்கு.

இடுக்கி ஏன் வேண்டாம் என்றேன் அல்லவா? ஒருமுறை சோம்பல்பட்டு ஒரு கடையில் கொடுத்துப் பொருத்தினேன். நன்றாக இறுகட்டும் என்று அங்கே இடுக்கியால் ஒரு முறுக்கு கொடுத்திருக்கிறார்கள். கீபா கார்ஜ் பாதையில் டயரின் பக்கச் சுவர் கல்லில் கிழிந்தது. சீலன்ட்டால் அடைபடாத கிழிசல். பையில் மாற்று டியூப் இருக்கிறது, பம்ப் இருக்கிறது. ஆனால் டியூபை உள்ளே வைக்க வேண்டுமானால் முதலில் இந்த வால்வை எடுத்தாக வேண்டும். நட் அசையவில்லை. மாமா தன் சட்டைத் துணியைச் சுற்றிப் பிடித்துத் திருகிப் பார்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார், கடைசியில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தோம். வழியில் அவர் சொன்னது ஒன்றுதான்: "கையால முறுக்குனது கையால வரணும் தம்பி." வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தபோது அடி ரப்பர் நசுங்கி, டேப்பையும் அறுத்து, ஓட்டைக்குள் பாதி பிதுங்கியிருந்தது. அதிக இறுக்கம் கசிவை நிறுத்துவதில்லை. புதுக் கசிவை உண்டாக்குகிறது.

காற்று அடிப்பது

சீலன்ட் ஊற்றுவதற்கு முன் வெறும் காற்றில் ஒரு சோதனை செய்வது நல்லது. கோரைக் கழற்றிவிட்டு, டயரை மாட்டி, அதன் இரண்டு விளிம்புகளையும் வால்வின் இரு பக்கமும் ஏற்றிவிடுங்கள். விளிம்பு வால்வின் ரப்பர் மேலேயே உட்கார்ந்திருந்தால் எவ்வளவு அடித்தாலும் ஏறாது. டயரின் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, ஒரே மூச்சில் வேகமாக அடியுங்கள். கோர் இல்லாததால் காற்று தாராளமாகப் போகும். 'டப், டப்' என்று இரண்டு மூன்று சத்தம் வரும், விளிம்பு ஏறிவிட்டது. முதல்முறை அந்தச் சத்தத்தில் பம்ப்பை விட்டுவிட்டு ஓடியவன் நான். டயரிலும் ரிம்மிலும் எழுதியிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தில் எது குறைவோ அதைத் தாண்ட வேண்டாம். உள்விளிம்பில் கொக்கியில்லாத ரிம் என்றால் எல்லை 5 பார். அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ.

ஏறியதும் பம்ப்பை எடுத்தால் காற்று போகும், விளிம்பு அப்படியே நிற்கும். சிரிஞ்சால் சீலன்ட்டை வால்வ் வழியாகச் செலுத்துங்கள். 29 அங்குலம், 2.3 அங்குல அகல மவுண்டன் டயருக்கு 100 முதல் 120 மி.லி.; 40 மி.மீ. கிராவல் (சரளைப் பாதை) டயருக்கு 60. 28, 30 மி.மீ. ரோடு டயருக்கு 30 முதல் 40. முள் காட்டில் ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றுங்கள். கோரைத் திருகி, கழற்றியால் சற்றே இறுக்கிவிட்டுக் காற்றை நிரப்புங்கள். பிறகு சக்கரத்தை இரு கையிலும் பிடித்துக் குலுக்கி, ஒரு வாளியின் மேல் படுக்க வைத்துப் பத்து நிமிடம், திருப்பிப் பத்து நிமிடம். கூடவே ஒரு சின்னச் சுற்று ஓட்டிவிட்டு வந்தால் சீலன்ட் எல்லா இடத்துக்கும் போய்ச்சேரும்.

கசிந்தால் எங்கே பார்ப்பது

நட்டைச் சுற்றிக் குமிழி வந்தால் வால்வ்தான் குற்றவாளி என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ரிம்மின் உட்குழி முழுக்க ஒரே அறை. டேப் எங்கே கிழிந்திருந்தாலும் காற்று அந்த அறைக்குள் போய், எளிதான வாசல் எதுவோ அது வழியாக வெளியே வரும். வால்வ் ஓட்டைதான் பெரும்பாலும் அந்த எளிதான வாசல். அதனால் சோப்புத் தண்ணீரை ஸ்போக் நிப்பிள்களிலும் (ஸ்போக்கை ரிம்மோடு பூட்டும் சின்ன நட்) ஊற்றிப் பாருங்கள். நாலைந்து நிப்பிளிலும் சேர்ந்து குமிழி வந்தால் முதலில் டேப்பைச் சந்தேகியுங்கள். நட்டில் மட்டும் என்றால், காற்றை இறக்கி, நட்டைத் தளர்த்தி, டயருக்கு வெளியிலிருந்தே வால்வை உள்ளே தள்ளி இழுத்து, திரும்ப அழுத்தி, விரலால் திருகிப் பாருங்கள். அதிலும் நிற்காவிட்டால் கழற்றி ரப்பரின் வடிவம் பொருந்துகிறதா என்று மறுபடியும் பார்ப்பதுதான் வழி.

வால்வின் நுனியில் கசிந்தால் விஷயம் எளிது. ஒரு டம்ளர் தண்ணீரில் நுனியை முக்கினால் தெரிந்துவிடும். பெரும்பாலும் கோர் தளர்ந்திருக்கும். திருகி மாட்டும் பம்ப் தலையை எடுக்கும்போது கோரும் கூடவே கழன்று வருவது வழக்கம். அதனால்தான் கோரைக் கழற்றியால் இறுக்க வேண்டும் என்கிறேன். நட்டுக்கு விரல், கோருக்குக் கருவி. அப்படியும் கசிந்தால் ஊசியில் சீலன்ட் காய்ந்திருக்கும். வெந்நீரில் ஊற வைத்து உரித்தால் வந்துவிடும். வராவிட்டால் புதுக் கோர் போடுங்கள், விலை அற்பம்.

பராமரிப்பு

காற்று அடிக்கும்போதும் அளக்கும்போதும் வால்வை மேல்பாதியில் வையுங்கள். கீழே வைத்து அடித்தால் தேங்கியிருக்கும் சீலன்ட் கோருக்குள் ஏறும், சில நேரம் பம்ப்பின் அளவுமானிக்குள்ளும் ஏறும். சைக்கிளை நாள்கணக்கில் நிறுத்தி வைக்கும்போதும் இதே விதி. அவசரத்துக்குக் கார்பன் டை ஆக்சைடு குப்பி அடிப்பவர்கள் வால்வை மேலே வைத்து, சில நொடி பொறுத்து அடியுங்கள். குப்பியிலிருந்து சீறி வரும் வாயுவின் குளிர் பட்டால் சில லேடெக்ஸ் சீலன்ட் கட்டி கட்டும். வீட்டுக்கு வந்து அந்தக் காற்றை இறக்கி, சாதாரணக் காற்றை நிரப்பிவிடுங்கள்.

வெயில் காலத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோரைக் கழற்றி, மெல்லிய கம்பியோ பிளாஸ்டிக் கட்டும் நாடாவோ (ஜிப் டை) விட்டு நனைந்து வருகிறதா என்று பாருங்கள். காய்ந்து வந்தால் மேலும் சீலன்ட் ஊற்ற வேண்டும். அக்டோபரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு நடக்கும் அமஷோவா சைக்கிள் பந்தயம் மாதிரி நூறு கிலோமீட்டர் தாண்டும் ஓட்டத்துக்குப் போகிறவர்கள் முதல் நாள் ராத்திரி இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை வால்வ் நட்டைக் கழற்றி, மரையில் படிந்த உப்பைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, விரலாலேயே திரும்பப் பூட்டுங்கள்.

பையில் நான் எப்போதும் வைத்திருப்பது: ஒரு டியூப், இரண்டு கோர், கோர் கழற்றி, ஒரு முழு வால்வ். போன மாதம் கார்க்லூஃப் பாதையில் யாரோ ஒரு பையன் கோர் ஒடிந்து நின்றுகொண்டிருந்தான். ஒரு கோரை எடுத்துக் கொடுத்துவிட்டு மாமா பக்கம் திரும்பினேன். அவர் அதற்குள் பையனின் சக்கரத்தைக் குனிந்து பார்த்து, நட்டை விரலால் ஒரு முறை திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார்.